கூரைமேல் நடந்தவர்கள்

லண்டனின் கிழக்குப் புறத்தில் ஒரு ஸ்ட்ராட்ஃபோர்டு இருக்கிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கும் அதே பெயர்தான். அந்த ஊரில் ஆறும் அன்னங்களும் சுற்றுலாக் கூட்டமும். இந்த ஊரில் 1950களில் ரயில்வே பட்டறை, ஆலைகள், நெருக்கமான தொழிலாளர் வீடுகள். நடுவே 1884இல் கட்டிய ஒரு நாடகக் கொட்டகை, தியேட்டர் ராயல்.

1956இல் அந்தக் கொட்டகையின் தட்டையான கூரைமேல் சில நடிகர்கள் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, மணிக்கணக்கில். யாருக்கு எந்த வேஷம் என்று இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை. மனப்பாடம் செய்ய வசனமும் இல்லை. சிறைக் கைதிகளைக் காலையில் வெளியே விட்டு நடக்கவைப்பார்களே, அந்த நடை. நடக்கச் சொன்னவர் இயக்குநர் ஜோன் லிட்டில்வுட். நாடகம் பிரெண்டன் பீஹன் எழுதிய ‘தி க்வேர் ஃபெலோ’. டப்ளின் சிறையில் ஒருவனைத் தூக்கிலிடுவதற்கு முந்தைய நாள்தான் கதை. தூக்குக்குப் போகிறவன் கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள், பந்தயம் கட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள்.

இந்த நடையைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். சிறைவாசத்தின் அலுப்பை எந்த நடிகரிடமும் வாயால் விளக்கிவிட முடியும். விளக்கினால் அவர் அலுப்பை ‘நடிப்பார்’. ஜோன் விளக்கவில்லை. கால்கள் சலித்துப்போகும்வரை விட்டுவிட்டார். வசனம் கைக்கு வந்தபோது, சலிப்பு ஏற்கெனவே உடம்பில் குடியேறியிருந்தது.

*

ஜோனும் ஒருகாலத்தில் நடந்தவர்தான்.

1914 அக்டோபரில் தெற்கு லண்டனின் ஸ்டாக்வெல்லில் பிறந்தார். தாய் மணமாகாத இளம்பெண். வளர்த்தது தாத்தாவும் பாட்டியும். படிப்பில் சுட்டி. பதினாறு வயதில் உதவித்தொகையோடு ராடா என்ற புகழ்பெற்ற நாடகப் பள்ளிக்குப் போனார். அங்கே கற்றுக்கொடுத்த ஆங்கிலம் அவர் தெருவில் யாரும் பேசாத ஆங்கிலம். மேட்டுக்குடி வரவேற்பறைகளில் நடக்கும் நாடகங்களுக்கான குரல், அதற்கான கை அசைவு. பள்ளி அவரைப் பிடித்து வைக்கவில்லை, அவரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. விட்டு வெளியேறினார்.

லிவர்பூல் போய் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவது என்று தீர்மானம். கையில் காசில்லை. நடக்கத் தொடங்கினார். சுமார் 130 மைல் நடந்து, பர்ட்டன் என்ற ஊரை எட்டியதும் மயங்கி விழுந்தார். அமெரிக்கா போகவில்லை. மான்செஸ்டரில் போய் நின்றார். பருத்தி ஆலைகளின் நகரம், வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுக்காலம். அவருக்கு வேண்டியிருந்த நாடகம் அந்த ஊரில்தான் கிடைத்தது.

*

மான்செஸ்டரில் ஜிம்மி மில்லரைச் சந்தித்தார். பின்னாளில் யூவன் மக்கால் என்ற பெயரில் பாடகராக உலகம் அறிந்தவர். இருவரும் மணந்துகொண்டார்கள், குழு அமைத்தார்கள், தொழிலாளர் மன்றங்களிலும் தெருக்களிலும் நாடகம் போட்டார்கள். இருவரும் கம்யூனிஸ்டுகள். 1940இல் செய்தித்தாளையே நாடகமாக்கிய ‘லாஸ்ட் எடிஷன்’ போலீசாரால் நிறுத்தப்பட்டது, இருவரும் கைதானார்கள். பிபிசி வானொலியில் ஜோன் வேலை செய்துகொண்டிருந்தார். அரசியல் காரணமாகச் சில காலம் அந்தக் கதவும் மூடப்பட்டது. உளவுத்துறை அவர்களுக்கெனக் கோப்பு வைத்துக் குறித்துக்கொண்டிருந்தது. யார் வந்தார், யார் போனார், எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்று.

ஒரு நாடகக்காரரின் வாழ்க்கையை இவ்வளவு கவனமாகப் பார்த்த ரசிகர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

*

போர் முடிந்த 1945இல் வடக்கே கெண்டல் என்ற சிற்றூரில் ‘தியேட்டர் வொர்க்ஷாப்’ பிறந்தது. அடுத்த எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக அலைச்சல். லாரியில் தட்டிகளும் விளக்குகளும். வந்த வருமானம் எல்லாருக்கும் சமமாகப் பங்கு. பெரும்பாலும் பங்கு போடப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. அணுகுண்டு விழுந்த மறு ஆண்டே, அணு என்றால் என்ன என்பதைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லும் ‘யுரேனியம் 235’ நாடகத்தைக் கொண்டுபோனார்கள்.

காலையில் உடற்பயிற்சி. ருடால்ஃப் லாபன் வகுத்த அசைவு முறையை ஜீன் நியூலவ் கற்றுக்கொடுத்தார். எடை, வேகம், திசை, ஓட்டம் என்று அசைவைப் பிரித்துப் பார்க்கும் முறை அது. பிறகு குரல், பிறகு நடிப்புக் கலை பற்றி ஸ்டானிஸ்லாவ்ஸ்கி எழுதியதை வாசித்தல், அப்புறம்தான் ஒத்திகை. மாலையில் சுவரொட்டி ஒட்டுவதும் இவர்களே, டிக்கெட் கிழிப்பதும் இவர்களே. குழுவிலிருந்த ஜான் பியூரி வடிவமைப்புப் படித்தவரே இல்லை. போர்க்காலத்தில் கடற்படை விமானப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கிடைத்த மரம், கல், வெளிச்சம் இவற்றை வைத்து மேடை அமைக்கக் கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் பிரிட்டனின் தேசிய அரங்குக்கே வடிவமைப்புத் தலைவரானார்.

இந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் சீக்கிரம் தாண்டிப்போய்விடுகிறார்கள். புகழ் இல்லை, நினைவில் நிற்கும் முதல்நாள் காட்சி இல்லை, பத்திரிகை விமர்சனமும் குறைவு. ஆனால் பின்னால் வந்த அத்தனைக்கும் முதல் இங்கேதான் சேர்ந்தது.

*

1953. அலைச்சல் போதும் என்று ஒரு தரப்பு. லண்டனில் நிலைத்தால் விமர்சகர்களுக்காக நாடகம் போட வேண்டிவரும் என்று இன்னொரு தரப்பு. ஜோனும், அவருடைய வாழ்க்கைத் துணையாகவும் குழுவின் மேலாளராகவும் ஆகியிருந்த ஜெரி ராஃபிள்சும் முதல் தரப்பு. மக்கால் இரண்டாம் தரப்பு, அவர் விலகிப்போனார்.

பாழடைந்துகிடந்த தியேட்டர் ராயலை வாடகைக்கு எடுத்தார்கள். நடிகர்களே பெருக்கி, கழுவி, வர்ணம் அடித்தார்கள். தங்க இடமில்லாததால் ஒப்பனை அறைகளிலேயே தூங்கினார்கள், அங்கேயே சமைத்தார்கள். சட்டப்படி அது கூடாது. பிப்ரவரியில் ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’டோடு திரை எழுந்தது.

மக்கால் பயந்தது வீண் பயமில்லை. அது பலிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன, அவ்வளவுதான்.

*

1955இல் நாடகாசிரியர் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தை இங்கிலாந்தில் முதன்முதலாகப் போடும் உரிமை கிடைத்தது. பிரெக்ட் ஒரு நிபந்தனை வைத்தார்: தாய் வேஷத்தை ஜோனே ஏற்க வேண்டும். இயக்கவும் வேண்டும், அந்தப் பெரிய பாத்திரத்தைச் சுமக்கவும் வேண்டும், பணமோ நாட்களோ போதாது. டெவனில் பார்ன்ஸ்டபிள் விழாவில் அரங்கேறிய நாடகம் எடுபடவில்லை. எல்லாரும் சேர்ந்து செய்வதே நாடகம் என்று நம்பியவரை ஒற்றை நாயகியாக நிற்கச் சொன்ன நிபந்தனை அது. பிரெக்ட் இதை யோசித்திருக்கலாம்.

*

இயக்குநர், எழுத்தாளர், நடிகர், இவர்களில் யாரும் மற்றவரைவிட மேல் என்று ஜோன் ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டாகச் சேர்ந்து முட்டிமோதினால்தான் இந்தக் கலை உயிரோடிருக்கும் என்பது அவர் கட்சி. தலையில் ஒரு கம்பளித் தொப்பி, வாயில் சிகரெட், கொட்டகையின் இருட்டிலிருந்து வரும் ஒரு குரல். ஒத்திகையில் வேஷங்களைத் திடீரென மாற்றிப்போடுவார். எஜமானனாக நடித்தவர் வேலைக்காரனாக வேண்டும், அப்போதுதான் தன் குரல் எதிராளியின் காதில் எப்படி விழுகிறது என்று தெரியும். நாடகம் வெற்றிபெற்று ஓடத் தொடங்கிய பிறகும் விடமாட்டார். நேற்று கைத்தட்டல் வாங்கிய இடத்தை இன்று வேண்டுமென்றே நீட்டிய நடிகருக்குக் கடுமையான குறிப்பு ஒன்று அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. யாரும் மேலில்லை என்று சொன்னவர்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்தார். அழவைத்தார், காயப்படுத்தினார். குழுவில் இருந்தவர்களின் நினைவுகளில் அன்பும் அச்சமும் கலந்தே வருகின்றன. அவருடைய கொடுமையை மேதையின் விலை என்று மன்னித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். அந்தக் கடுமை பெரும்பாலும் தன்னைத் துருத்திக்கொண்டு நிற்கும் நடிகர்மீதுதான் பாய்ந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்கத் தெரிந்தவரை அவர் சும்மா விட்டார்.

*

கேட்பது என்றதும் ஷீலா டிலேனி நினைவுக்கு வருகிறார். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டின் தொழிலாளர் வீட்டுப் பெண். பெரிய நாடகாசிரியர் ஒருவரின் நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று உட்கார்ந்து எழுதியவர். பிரதியைத் தபாலில் ஜோனுக்கு அனுப்பினார். 1958 மே மாதம் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ அரங்கேறியபோது டிலேனிக்கு வயது பத்தொன்பது.

கர்ப்பமான ஒரு பள்ளிப் பெண், பொறுப்பற்ற தாய், கறுப்பின மாலுமிக் காதலன், பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் ஓரினச்சேர்க்கையாளனான நண்பன். அன்றைய இங்கிலாந்தில் இவர்கள் மேடையில் தென்பட்டால் பிரச்சினையாகவோ கேலியாகவோதான் தென்படுவார்கள். இங்கே மனிதர்களாக வந்தார்கள். ஜோன் மேடையிலேயே ஒரு ஜாஸ் குழுவை உட்காரவைத்தார். பாத்திரங்கள் பாட்டோடு நுழைவார்கள், ஆட்டத்தோடு வெளியேறுவார்கள், நடுவில் பார்வையாளரிடம் திரும்பிப் பேசுவார்கள். அழுது வடியக் கூடிய கதையை அவர் அழவிடவில்லை. பிரதியில் எது டிலேனி, எது ஒத்திகையில் விளைந்தது என்று இன்றும் விவாதம் நடக்கிறது. டிலேனியின் காது இல்லாமல் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே நடக்கும் சண்டையை எந்த ஒத்திகையும் உண்டாக்கியிருக்காது என்பது என் எண்ணம்.

*

அன்று ஒவ்வொரு நாடகப் பிரதியும் லார்ட் சேம்பர்லேன் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். அனுமதித்த பிரதியில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. தினமும் மாறிக்கொண்டே இருப்பதுதான் ஜோனின் முறை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ஹென்றி சாப்மன் எழுதிய ‘யூ வோன்ட் ஆல்வேஸ் பி ஆன் டாப்’ ஒரு கட்டடத் தளத்தில் ஒரு நாள் வேலை நடப்பதைக் காட்டும் நாடகம். நடிகர்கள் மேடையில் நிஜமாகவே செங்கல் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. வேலை, தேநீர், வம்பு, மழை. இதில் நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ் சர்ச்சில் குரலில் ஒரு பொதுக் கழிப்பறையைத் திறந்துவைத்தார். அனுமதித்த பிரதியில் அது கிடையாது. 1958இல் வழக்கு. கட்டணம் வாங்காமல் வாதாட நல்ல வழக்கறிஞர்கள் வந்தார்கள், சிறு அபராதத்தோடு முடிந்தது. தணிக்கைமுறையே ஒழிய இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின.

*

இனி மக்காலின் பயத்துக்கு வரலாம்.

அரசின் கலைமன்றம் கொடுத்த மானியம் அற்பம். கொட்டகை நடக்க ஒரே வழி, வெற்றிபெற்ற நாடகத்தை வெஸ்ட் எண்ட் எனப்படும் வணிக அரங்குகளுக்கு மாற்றுவது. ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ போயிற்று. பீஹனின் ‘தி ஹாஸ்டேஜ்’ போயிற்று. ‘ஃபிங்ஸ் ஏன்ட் வாட் தே யூஸ்ட் டி பி’ போயிற்று. நாடகத்தோடு நடிகர்களும் போனார்கள். அங்கே மாதக்கணக்கில் தினமும் அதே நாடகம், அதே வேஷம். ஸ்ட்ராட்ஃபோர்டில் அடுத்த நாடகத்துக்குப் புதிய முகங்கள். அவர்களுக்கு லாபனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவர்கள் தேறிவரும் நேரம், அடுத்த வெற்றி அவர்களையும் கொண்டுபோகும். சினிமாவும் தொலைக்காட்சியும் வேறு அழைத்தன. விதைநெல்லை விற்றுக் குத்தகை கட்டிய கதை.

தோல்விக் காலத்தில் சேர்ந்தே பட்டினி கிடந்த குழுவை வெற்றி மூன்றே ஆண்டுகளில் கலைத்துவிட்டது. போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பனை அறையில் தூங்கியவருக்கு ஒரு வீடு வேண்டாமா? 1961இல் ஜோனும் கிளம்பிவிட்டார். நைஜீரியா போய் வோலே சோயிங்காவின் நாடகம் ஒன்றைப் படமாக்கும் திட்டம். அது கைகூடவில்லை.

*

திரும்பி வந்து 1963 மார்ச்சில் செய்த ‘ஓ வாட் எ லவ்லி வார்’ தான் அவர் பெயரை நிறுத்தியது.

அதன் வேர் ஒரு வானொலி நிகழ்ச்சி. பிபிசி தயாரிப்பாளர் சார்லஸ் சில்டன், முதல் உலகப் போரில் இறந்த தன் தந்தையின் கல்லறையைத் தேடி பிரான்சின் அராஸ் நகருக்குப் போனார். கல்லறை இல்லை. உடல் கிடைக்காத சுமார் 35,000 பேரின் பெயர்கள் பொறித்த சுவரில் தந்தையின் பெயரும் இருந்தது. இத்தனை பேருக்குக் கல்லறைகூட இல்லாமல் போகும்படி என்ன நடந்தது என்ற கேள்வியோடு, படைவீரர்கள் பதுங்குகுழிகளில் பாடிய பாட்டுகளைத் தொகுத்து நிகழ்ச்சி செய்தார். அதைக் கேட்ட ராஃபிள்ஸ், இது மேடைக்கு வர வேண்டும் என்றார்.

ஜோனுக்கு முதலில் விருப்பமில்லை. மேடையில் காக்கிச் சீருடையைப் பார்க்கவே பிடிக்காது அவருக்கு. அந்த வெறுப்பிலிருந்தே வழி பிறந்தது. நடிகர்கள் பியரோக்களாக வந்தார்கள். கடற்கரை ஊர்களில் விடுமுறைக் கூட்டத்துக்குப் பாடி ஆடும் கோமாளிகள். தொளதொள வெள்ளை உடை, கறுப்புக் குஞ்சங்கள். அதன்மேல் ஒரு இரும்புத் தொப்பியோ இடுப்புப் பட்டையோ மாட்டினால் சிப்பாய், தளபதி, மருத்துவத் தாதி. ரத்தம் இல்லை, பிணம் இல்லை. மேடைக்கு மேலே ஒரு பலகையில் ஒளியெழுத்துகள் ஓடும். இந்தப் போர்முனையில் இத்தனை ஆயிரம் பேர், மீட்ட நிலம் இவ்வளவு. சில இடங்களில் மீட்ட நிலம்: இல்லை. கீழே கோமாளிகள் சிரிக்கச் சிரிக்கப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் மனம் ஒரே இடத்தில் நிற்கிறது. பாட்டு பலகையை அறியாது. பலகையும் பாட்டை அறியாது. இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலை பார்க்க வந்தவருடையது. காது சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் அந்த எண்ணைப் படித்துவிடும். யாரும் ‘போர் கொடியது’ என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வந்தவர்களில் அந்தப் போரைக் கண்ட முதியவர்கள் இருந்தார்கள். பாட்டுகள் அவர்களுக்குத் தெரிந்தவை.

இதுவும் வெஸ்ட் எண்ட் போனது. போகும்போது அதன் கசப்பான முடிவு சற்று மென்மையாக்கப்பட்டது.

*

அதே ஆண்டுகளில் அவர் மனம் கொட்டகையை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் செட்ரிக் பிரைஸோடு சேர்ந்து ‘ஃபன் பேலஸ்’ என்ற ஒன்றை யோசித்தார். நிலையான சுவரோ வாசலோ இல்லாத ஒரு மாபெரும் சட்டகம். பாரந்தூக்கிகள் அறைகளை இடம்மாற்றும். ஒருவர் இயந்திரம் பழகலாம், இன்னொருவர் வர்ணம் தீட்டலாம், மூன்றாமவர் வானத்தைப் பார்த்துச் சும்மா இருக்கலாம். கிழக்கு லண்டனில் லீ ஆற்றுப் பக்கம் இடம் பார்த்தார்கள். அனுமதிகள், குழுக்கள், கோப்புகள். கட்டப்படவே இல்லை. பாரிசின் பொம்பிடூ மையத்துக்கு அந்த வரைபடங்கள் ஊக்கமளித்தன என்பார்கள்.

பெரிய திட்டம் கைவிட்டுப் போனாலும் கொட்டகையைச் சுற்றி இடித்துப்போட்ட மனைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு விளையாட்டுத் திடல் அமைத்தார். நாடகங்களைவிட இந்தப் பிள்ளைகளே அவருக்கு முக்கியமாகிப்போன காலம் அது. விமர்சகர்கள் இதைச் சரிவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு நாடகம் கொண்டுபோன லாரியின் நீட்சியாகவே தெரிகிறது.

*

1975 ஏப்ரலில் பிரான்சின் வியென் நகரில் ஜெரி ராஃபிள்ஸ் இறந்தார். கணக்கு எழுதியவர், கடன்காரர்களைச் சமாளித்தவர், கொட்டகையை இடிக்க விடாமல் காத்தவர் அவர். ஜோன் அந்த ஊருக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அதன்பின் ஒரு நாடகத்தையும் இயக்கவில்லை. 2002 செப்டம்பரில் தன் 87ஆம் வயதில் லண்டனில் இறக்கும்வரை, இருபத்தேழு ஆண்டுகள்.

இடையில் 1994இல் ‘ஜோன்ஸ் புக்’ என்ற தடித்த தன்வரலாறு வந்தது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய உரையாடல்கள் வார்த்தை பிசகாமல் வருகின்றன. ஆவணமாகப் படிக்கக் கூடாது, ஒரு கதைசொல்லியோடு உட்கார்ந்திருப்பதுபோலப் படிக்க வேண்டும்.

ஏன் நிறுத்தினார் என்பதற்குத் துயரம் என்ற ஒரு சொல் போதுமென்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரிந்த வேலை தனியாகச் செய்கிற வேலை இல்லை. குழு முன்பே கலைந்துவிட்டது. மிஞ்சியிருந்த கடைசி ஆளும் போனபின் கூப்பிட யாருமில்லை. பெரிய அரங்குகள் வேண்டுமானால் கூப்பிட்டிருக்கும். அங்கே போய் யாரோ தேர்ந்தெடுத்த நடிகர்களை ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டு வருவது அவருக்கு நாடகமே இல்லை.

*

2014இல் அவர் நூற்றாண்டை ஒட்டி, நாவலாசிரியர் ஸ்டெல்லா டஃபியும் நண்பர்களும் ‘ஃபன் பேலசஸ்’ என்ற பெயரில் ஒரு வார இறுதியைத் தொடங்கினார்கள். கட்டடம் வேண்டாம். நூலகமோ பள்ளியோ கொட்டகையோ கிடைத்த இடத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் கூடி, தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது. அடுத்த ஆண்டு தியேட்டர் ராயலின் முன்னால் ஜோனுக்குச் சிலை வைத்தார்கள். சிலை நிற்கும் சதுக்கத்துக்கு ஜெரி ராஃபிள்ஸ் பெயர்.

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். அதே நியூஹாம் வட்டாரத்தில்தான் இந்தக் கொட்டகையும் இருக்கிறது. இன்னும் நாடகம் நடக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். அடுத்த முறை போகும்போது ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்காருங்கள்.